அலுவலகத்தில் சரி தவறை யார் தீர்மானிப்பது? நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் 150 பேர் வேலை செய்யும் ஆட்டோ உதிரிபாக யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய ஒரே வாரத்தில் நான்கு விஷயங்கள் வரலாம். பர்ச்சேஸ் அதிகாரிக்கு ஒரு வெண்டர் வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்புகிறார். இரவு ஷிஃப்ட்டில் ஒரு பேட்ச் முழுக்கத் துளை அளவு 0.05 மி.மீ. தள்ளிப்போயிருக்கிறது, லாரியோ கேட்டில் நிற்கிறது. ஒரு பெண் டிரெய்னி தன் சூப்பர்வைசரைப் பற்றி எச்ஆரிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். முலாம் பூசித் தரும் சின்னப் பட்டறையின் பில் 70 நாளாக அக்கவுண்ட்ஸில் கிடக்கிறது.

நான்குமே சரியா தவறா என்ற கேள்விகள்தான். பெரும்பாலான இடங்களில் நான்கும் எம்.டி.யின் மேஜைக்குப் போகும், அல்லது எங்குமே போகாது. வேறு ஏற்பாடு வேண்டும் என்று யோசிக்கும் நிறுவனத்துக்கு நான்கு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் விதியாக எழுதிவிடலாம், அந்தந்த மேலாளரிடம் விட்டுவிடலாம், குழு போடலாம், நிறுவனத்துக்கு வெளியே ஒருவரை வைக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் முதல் பிழை. எந்த விஷயம் எந்த வழியில் போக வேண்டும் என்பதையும், அதை யார் பிரித்து அனுப்புகிறார் என்பதையும் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

முதல் கேள்வி: விஷயத்துக்குப் பெயர் வைப்பது யார்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் 1986-ல் அறச் செயலை நான்கு படிகளாகப் பிரித்தார். இது அறம் சார்ந்த விஷயம் என்று கண்ணில் படுவது முதல் படி. எது சரி என்று தீர்மானிப்பது இரண்டாவது. மற்ற லாப நட்டங்களைத் தள்ளி வைத்து அதற்கு முதலிடம் தருவது மூன்றாவது. முடியும்வரை நின்று செய்வது நான்காவது. நிறுவனங்கள் பயிற்சி வகுப்பு, பவர்பாயிண்ட் என்று செலவழிப்பதெல்லாம் இரண்டாம் படியில். கோட்டை விடுவது முதல் படியில்.

பட்டறை பில்லையே பாருங்கள். அக்கவுண்ட்ஸில் அதன் பெயர் ‘கேஷ் ஃப்ளோ’. அந்தப் பெயர் விழுந்தவுடன் அது நியாயம் பற்றிய கேள்வியாக யாருக்கும் தெரிவதில்லை. இத்தனைக்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் (2006) குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுக்கச் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, கெடு தாண்டிய தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற நிலை. அதன் பிறகுதான் பல ஆடிட்டர்கள் அந்தப் பட்டியலைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பும் அந்தப் பட்டறைக்காரர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டியிருந்தது.

தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்தது பல காலம் ‘கடை வழக்கம்’ என்றே ஓடியது. கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்து இருக்கை கட்டாயமானது. அந்தக் கடைகளின் மேலாளர்கள் அதற்கு முன் கெட்டவர்களாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அது கேள்வியாகவே அவர்கள் முன் வரவில்லை.

எது கண்ணில் படும், எது படாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிர்வாகவியல் ஆய்வாளர் தாமஸ் ஜோன்ஸ் 1991-ல் ஆறு அம்சங்களைச் சொன்னார்: பாதிப்பின் அளவு, அது நடக்கும் வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரம் நடக்கும், பாதிக்கப்படுபவர் நமக்கு எவ்வளவு நெருக்கம், பாதிப்பு ஒருவர்மேல் குவிகிறதா பலர்மேல் பரவுகிறதா, அதைத் தவறென்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்களா. குத்துவிளக்கு எல்லார் கண்ணிலும் படும். 0.05 மி.மீ. படாது. எப்போதோ, எங்கோ, யாரென்றே தெரியாத ஒரு வண்டியோட்டியின் தலையில் விடியப்போகும் விஷயம் அது. எந்த ஏற்பாட்டை எடுத்தாலும், கண்ணில் படாததை அது எப்படி மேலே கொண்டுவருகிறது என்பதுதான் ஒப்பீட்டின் முக்கிய அளவுகோல்.

எழுதிய விதி

அடிக்கடி வருவதற்கும் அளந்து சொல்லக்கூடியதற்கும் விதியே சிறந்தது. தீபாவளி அன்பளிப்பு அப்படிப்பட்டது. விதி ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பணம், தங்கம், வெள்ளி, கிஃப்ட் கார்டு எந்தத் தொகையிலும் கூடாது. இனிப்பு, காரம், டைரி, காலண்டர் போன்றவற்றுக்கு ஓர் உச்சவரம்பு: 1,000 அல்லது 1,500 ரூபாய் போதும். வீட்டு முகவரிக்கு வந்தாலும் ரிசப்ஷன் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். இனிப்பு எல்லாருக்கும் பங்கு, மற்றது நன்றிக் கடிதத்தோடு திரும்பப் போகும். வெண்டர்களுக்கு அக்டோபர் முதல் வாரமே கடிதம் போய்விட வேண்டும். பொருள் வாசலில் வந்து நின்றபின் சொன்னால் கொடுத்தவருக்கும் வாங்க மறுப்பவருக்கும் சங்கடம்.

இது கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் விதியை அப்படியே எடுத்து ‘50 டாலர்’ என்று போடுவார்கள். அந்தத் தொகைக்கு இங்கே கணிசமான பரிசே வாங்கலாம். சேல்ஸ் பிரிவுக்கு மட்டும் விலக்கு தருவார்கள். வாங்கக் கூடாது, ஆனால் கொடுக்கலாம் என்றால் முழு விதிக்கும் மரியாதை போய்விடும்.

இன்னொரு கோளாறு சின்ன அபராதம். இஸ்ரேலின் ஹைஃபாவில் சில குழந்தைக் காப்பகங்கள், பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்துப் பார்த்தன. பொருளியலாளர்கள் க்னீஸியும் ருஸ்டிச்சினியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குக் குறையவில்லை. டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்துத்தானே தாமதிக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. டென்பிரன்செல், மெஸ்ஸிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-ல் நிறுவனச் சூழலில் இதையே காட்டினார்கள்: பலவீனமான தண்டனை இருந்தால் ஆட்கள் அதை வியாபாரக் கணக்காகவே பார்க்கிறார்கள். ஆகவே விதி மீறலுக்கு 500 ரூபாய் பிடித்தம் என்று எழுதாதீர்கள். தண்டனையே எழுதாமல் ரெஜிஸ்டரை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி வைப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

மாமூல் விஷயத்தில் உச்சவரம்பே கிடையாது, பூஜ்யம்தான். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால்தான் தப்பலாம். சென்னையில் அதற்கு ஆலந்தூரில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. ஊழியர் கொடுத்ததற்கு நிறுவனமும் 9-ஆம் பிரிவின் கீழ் மாட்டும், போதுமான தடுப்பு நடைமுறைகளை வைத்திருந்ததாக நிரூபித்தால் ஒழிய. நடைமுறையில் மாமூல் கவரில் போவதைவிட கன்சல்டன்ட் பில்லில்தான் போகிறது. ‘லையசன் சார்ஜ்’, ‘இதர செலவு’ என்று வரும் பில்லுக்கு மூன்று கேளுங்கள்: அரசுக்குக் கட்டிய கட்டணத்தின் ரசீது எண், கன்சல்டன்ட் செய்த வேலை என்ன, அதே வேலைக்குப் போன வருடம் கொடுத்தது எவ்வளவு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பில் திரும்பட்டும்.

மேலாளரின் முடிவு

இரவு 9 மணிக்கு லாரி நிற்கும்போது குழு கூட்ட முடியாது. வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் நின்றால், அந்த நஷ்டத்தை நம் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் வந்து விழும். இங்கே மேலாளர்தான் தீர்மானிக்க வேண்டும். வேகம், நேரடி அறிவு இரண்டும் அவரிடம் இருக்கின்றன. அவரிடம் இல்லாதது தூரம். டிஸ்பாட்ச் இலக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1986 ஜனவரி 27 இரவு நடந்தது இதுதான். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிப் பிடிக்காது என்று சொல்லி, சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாமென்று, அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். முடிவு மாறியது. மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இரவு ஒரு நாளில் வந்ததுமில்லை. முந்தைய ஏவுதல்களிலும் வளையங்கள் சேதமாகித் திரும்பியிருந்தன. ஒவ்வொரு முறையும் ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்படி விலகல் வழக்கமாகிப்போவதைச் சமூகவியலாளர் டயான் வாகன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 0.05 மி.மீ. இன்று போகட்டும் என்றால் அடுத்த மாதம் 0.08.

ஆகவே மேலாளரிடம் விடுவதானால் மூன்று ஏற்பாடுகள் கூடவே வேண்டும். நிறுத்த ஒருவர் போதும், அனுப்ப இருவர் வேண்டும் என்பது முதலாவது. எந்த ஆபரேட்டரும் சிவப்பு டேக் கட்டி நிறுத்தலாம். அனுப்புவதற்கு இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று உற்பத்தி இலக்கு இல்லாதவருடையது. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனைகள் இதற்குக் காரணம் சொல்கின்றன. அதிகாரி சொன்னதற்காக, இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டு, ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று பார்த்த சோதனைகள் அவை. அடிப்படைச் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். உடன் இருந்த இருவர் மறுத்து எழுந்த சோதனையிலோ 40-ல் 4 பேர்தான். பக்கத்தில் ஒருவர் ‘மாட்டேன்’ என்றால் அடுத்தவருக்கும் வாய் வருகிறது.

இரண்டாவது, வாடிக்கையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அளவு தள்ளிய பொருள் போகக் கூடாது. டீவியேஷன், அதாவது அளவு விலகலுக்கான அனுமதி, கொடுக்கும் உரிமை வாங்குபவருடையது. ‘அவங்க க்யூஏ-கிட்ட (தரப் பிரிவிடம்) போன்ல சொல்லியாச்சு’ என்பது சம்மதம் ஆகாது. குறைந்தபட்சம் பார்ட் எண், பேட்ச் எண், எண்ணிக்கை, அளவு நான்கும் உள்ள மெயில் வேண்டும்.

மூன்றாவது ஒரு குறிப்பேடு. நான்கு வரி போதும்: என்ன நடந்தது, என்னென்ன செய்திருக்கலாம், எதைச் செய்தோம், யாருக்குப் பாதிப்பு வரலாம். முடிவெடுத்த அன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் இவற்றை எண்ணுங்கள். ஒரே காரணத்துக்கு மூன்று டீவியேஷன் வந்திருந்தால் பிரச்சினை மேலாளரின் நேர்மையில் இல்லை, மெஷினிலோ டிராயிங்கிலோ இருக்கிறது.

குழு

ஒரு குழு விஷயத்தில் தேர்வுக்கே இடமில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி (2013) உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியர், ஊழியர்களில் குறைந்தது இருவர், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இத்துறை தெரிந்தோ ஒரு வெளி உறுப்பினர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார், குழு காரணம் எழுதி இன்னொரு 3 மாதம் நீட்டலாம். புகாரின் நகல் எதிர்த்தரப்புக்கு 7 வேலை நாளில், அவர் பதில் 10 வேலை நாளில். விசாரணை 90 நாளில் முடிந்து, 10 நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை. வெளி உறுப்பினருக்கு விதிகள் சொல்லும் படி நாளுக்கு 200 ரூபாய்! நல்ல ஆள் வேண்டுமென்றால் அதற்கு மேல்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

டிரெய்னி வாய்மொழியாகச் சொன்னதை எச்ஆர் என்ன செய்ய வேண்டும்? சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்க’ என்று சொல்லி முடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த நிமிடமே ரகசியம் போய்விடுகிறது. எழுதித் தர முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. சமரசம் பெண் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது.

இந்தக் குழு நன்றாக நடக்கும் நிறுவனங்களில், மற்ற ‘எத்திக்ஸ்’ விஷயங்களையும் அதன் தலையிலேயே கட்டுகிறார்கள். கூடாது. பர்ச்சேஸ் ஊழலை விசாரிக்க அதற்கு அதிகாரமும் இல்லை, பழக்கமும் இல்லை. சம்பளம், இடமாற்றம் போன்ற தனிப்பட்ட குறைகளுக்கு 20 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் தனியே குறைதீர்க் குழு உண்டு, இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில்.

இவை தவிரப் பொதுவான எத்திக்ஸ் கமிட்டி தேவையா? 500 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. குழுவில் பொறுப்பு கரைந்துபோகிறது. 1968-ல் உளவியலாளர்கள் டார்லி, லட்டானே நடத்திய சோதனையில், வலிப்பு வந்தவருக்கு உதவ ஓடியவர்கள் தனியாக இருந்தபோது 85 விழுக்காடு, இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தபோது 31 விழுக்காடு. பெரிய மனிதர்கள் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2008 டிசம்பர் 16 அன்று ஹைதராபாத் ஐ.டி. நிறுவனமான சத்யத்தின் இயக்குநர் குழு, நிறுவனரின் குடும்பத்தார் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க ஒருமனதாக ஒப்புதல் தந்தது. சுயேச்சை இயக்குநர்களும் அதில் இருந்தார்கள். தடுத்தது பங்குதாரர்களின் கோபம். மூன்று வாரத்தில், ஜனவரி 7 அன்று, கணக்கு மோசடி ஒப்புதல் கடிதமே வந்துவிட்டது.

குழு போட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று பேர், அதிகபட்சம் ஐந்து. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதித் தர வேண்டும். பேசும்போது இளையவர் முதலில், தலைவர் கடைசியில். ‘ஒருமனதாக’ என்று மினிட்ஸில் எழுதுவதற்கு முன், எதிர்ப்பக்க வாதம் என்ன என்று ஒருவர் ஒரு பத்தி எழுதட்டும்.

வெளியாள்

எம்.டி.யோ அவர் மைத்துனரோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் மேலே சொன்ன மூன்றும் பயனற்றவை. அதற்குத்தான் வெளியாள். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிகள் அல்லது பொது நிதி நிறுவனங்களிடம் 50 கோடிக்கு மேல் கடன் பெற்றவை, கம்பெனிகள் சட்டம் 177-ஆம் பிரிவின்படி ‘விஜில் மெக்கானிசம்’, அதாவது முறைகேட்டைப் பயமின்றிச் சொல்ல ஓர் ஏற்பாடு, வைத்தாக வேண்டும். ஆடிட் கமிட்டித் தலைவரை நேரடியாக அணுகவும் அதில் வழி இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நடுத்தர யூனிட்டுகள் பல வங்கிக் கடன் கணக்கிலேயே இதற்குள் வந்துவிடும், தெரியாமலே.

புகார் பெட்டியை சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருப்பார்கள். சாவி எச்ஆர் மேனேஜரிடம். ஹாட்லைன் எண் ஆங்கிலத்தில் மட்டும் பேசும், ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேர் ஒடிசா, பிகாரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இது பொருந்துமா என்று பாலிசியில் ஒரு வரிகூட இருக்காது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலும் ஹாட்லைன் இருந்தது. இலக்கை எட்ட வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். ஹாட்லைனில் சொன்ன பிறகுதான் தங்களை நீக்கினார்கள் என்று முன்னாள் ஊழியர் சிலர் கூறினார்கள்.

ஒழுங்காக வைப்பதென்றால்: ஓய்வுபெற்ற ஆடிட்டர் அல்லது தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவர், நிறுவனத்தோடு வேறு எந்த பில்லும் இல்லாதவர். தமிழும் இந்தியும் தெரிந்தால் நல்லது. மெயில், தபால் முகவரி, வாட்ஸ்அப் மூன்றும் அவரிடம் மட்டும். 3 நாளில் பெற்றுக்கொண்டதாகப் பதில், 30 நாளில் என்ன ஆனது என்ற பதில். புகார் தந்தவரின் இன்க்ரிமென்ட், ஷிஃப்ட், இடமாற்றம் ஆகியவற்றை ஒரு வருடம் அவரே கவனித்துவர வேண்டும், பழிவாங்கல் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வருவதில் நிறைய கேன்டீன் சாப்பாடும் ஓவர்டைம் கணக்குமாக இருக்கும். சலித்துக்கொள்ள வேண்டாம், சின்னதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் பெரியதைச் சொல்வார்கள்.

எந்த நிறுவனத்துக்கு எது

50 பேருக்குள் என்றால் உள்ளகக் குழு (10 பேராவது இருந்தால்), ஒரு பக்க விதி, ஒரு வெளியாள். மேலாளர் குறிப்பேட்டை ஓனரே எழுதலாம். 50 முதல் 500 வரை, சட்டம் கேட்கும் குழுக்கள் போக, நான்கில் மூன்று வேண்டும்: விதி, குறிப்பேட்டோடு மேலாளர், வெளியாள். வெளியாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டையும் 45 நாள் தாண்டிய வெண்டர் பட்டியலையும் படித்து, ‘இது கேஷ் ஃப்ளோ இல்லை’ என்று சொல்லும் உரிமை பெற்றிருக்க வேண்டும். விஷயத்துக்குப் பெயரை மாற்றும் அந்த உரிமைக்காகவே அவருக்குச் சம்பளம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கமிட்டியை விட்டுவிட்டு இவரை வையுங்கள்.

சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) உள்ள வெளிநாட்டு நிறுவனக் கிளைகளுக்குப் பிரச்சினை வேறு. விதியும் ஹாட்லைனும் தலைமையகத்திலிருந்து தயாராகவே வரும். அவை இங்குள்ள உள்ளகக் குழுவுக்கு மாற்றாகாது. டல்லாஸில் பதிவானாலும், இங்கு நடந்த பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார் இந்தக் குழுவிடம்தான் வர வேண்டும். கேப் டிரைவர், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்கள் பெரும்பாலும் அந்த உலகளாவிய பாலிசியில் இல்லவே இல்லை. முதலில் சேர்க்க வேண்டியது அவர்களைத்தான்.

விஷயங்கள் ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு நகரவும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டைப் புரட்டினால், மேலாளர்கள் ஒரே மாதிரி மூன்று முறை முடிவெடுத்தது தெரியும். அது விதியாகத் தயாராகிவிட்டது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கும் நாளில் டீமை ஆபீசுக்கு வரச் சொல்லலாமா என்பது அப்படி ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்வரை அதைப் பல இடங்களில் டீம் லீட்கள் தலைக்குத் தலை தீர்மானித்தார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையம் சென்னைக்கு ரெட் அலர்ட் விட்டால் யாரையும் வரச் சொல்லக் கூடாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் நிறுவனப் பொறுப்பு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அன்றைய கூலி உண்டு என்று மூன்று வரியில் எழுதிவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே.